எலி, சாம்பல் அணில், காட்டுப்புறா: எதற்கு எந்தக் காலிபர்? இங்கிலாந்தில் ஏர் ரைஃபிள் வாங்குவோருக்கு ஒரு செய்முறை விளக்கம்

குதிரை லாயத்தில் எலி, தோப்பில் மரப்பட்டையை உரிக்கும் சாம்பல் அணில், கோசு வயலில் கூட்டமாக இறங்கும் காட்டுப்புறா. பிரிட்டனில் ஏர் ரைஃபிள் வாங்குபவர்களில் பலர் இந்த மூன்றில் ஒன்றுக்காகத்தான் கடைக்குப் போகிறார்கள். போனதும் வரும் கேள்வி, காலிபர் (குழலின் உள்விட்டம், அங்குலத்தில்) எது: .177-ஆ, .22-ஆ? "பெரிய குண்டு, பெரிய அடி" என்று நினைத்து .22 அல்லது .25 வாங்கிவிட்டு, பிறகு 35 கெஜத்தில் முயலைக் காயப்படுத்தி ஓடவிடுவது அடிக்கடி நடக்கிறது. காலிபரை விலங்கின் உருவத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. எத்தனை கெஜத்தில் சுடப்போகிறீர்கள், அந்தத் தூரம் உங்களுக்கு எவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்பதை வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

படி 1: சட்டத்தின் எல்லை

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 12 அடி-பவுண்டு (சுமார் 16.3 ஜூல்) சக்தி வரை உள்ள ஏர் ரைஃபிளுக்குச் சான்றிதழ் வேண்டாம், 18 வயது ஆகியிருந்தால் போதும். அதைத் தாண்டினால் போலீஸ் வழங்கும் துப்பாக்கிச் சான்றிதழ் வேண்டும். ஸ்காட்லாந்தில் 2016 டிசம்பர் 31 முதல் இந்தக் குறைந்த சக்தி ரைஃபிளுக்கும் உரிமம் கட்டாயம். வட அயர்லாந்தில் சக்தி 1 ஜூலுக்கு மேல் போனாலே சான்றிதழ்.

நிலத்துக்காரரின் அனுமதியை எழுத்தில் வாங்கி வையுங்கள். அனுமதியில்லாத நிலத்தில் ஏர் ரைஃபிளோடு நுழைவதே குற்றம். பெல்லட் (ஏர் ரைஃபிள் குண்டு) எல்லை தாண்டி அடுத்த நிலத்தில் விழக் கூடாது. வீட்டில் 18 வயதுக்குக் கீழ் யாராவது இருந்தால், அவர்கள் கைக்கு எட்டாதபடி பூட்டி வைப்பது உங்கள் சட்டப் பொறுப்பு.

எலிக்கும் சாம்பல் அணிலுக்கும் முயலுக்கும் தனி உரிமம் தேவையில்லை. பறவை விஷயம் வேறு. காட்டுப்புறாவைச் சுடுவது அரசின் பொது உரிமத்தின் கீழ்தான். இங்கிலாந்தில் பயிர்ச்சேதத்துக்கு ஜிஎல்42. அதில் உள்ள நிபந்தனைகளை முழுதாகப் படியுங்கள். விரட்டும் வழிகளை முயலாமல் நேராகச் சுடுவதற்கு அது அனுமதி தரவில்லை. சிவப்பு அணில் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிர். சாம்பல் அணிலுக்கும் முகத்திலும் காலிலும் செம்பழுப்பு நிறம் இருக்கலாம் என்பதால், நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு துளி சந்தேகம் இருந்தாலும் சுட வேண்டாம்.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு: இந்த விளக்கம் பிரிட்டனுக்கானது. இந்தியாவில் 2016 ஆயுத விதிகளின்படி .177-ஐத் தாண்டிய காலிபருக்கோ 20 ஜூலுக்கு மேற்பட்ட சக்திக்கோ உரிமம் வேண்டும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ள பறவையையும் விலங்கையும் சுடுவது குற்றம். இங்குள்ள எதையும் அங்கே செய்து பார்க்காதீர்கள்.

படி 2: காலிபர் மாறினால் உண்மையில் என்ன மாறுகிறது

சக்தி மாறுவதில்லை. எல்லாக் காலிபருக்கும் அதே 12 அடி-பவுண்டுதான் உச்சம். கனமான பெல்லட் மெதுவாகப் போகும், இலகுவானது வேகமாகப் போகும். 11.5 அடி-பவுண்டுக்குக் கணக்கிட்டால்:

.177 (4.5 மி.மீ.), 8.44 கிரெய்ன் (எடை அலகு) பெல்லட்: விநாடிக்குச் சுமார் 783 அடி.
.22 (5.5 மி.மீ.), 15.89 கிரெய்ன்: சுமார் 571 அடி.
.25 (6.35 மி.மீ.), 25.39 கிரெய்ன்: சுமார் 452 அடி.

வேகம் குறைந்தால் பெல்லட்டின் பாதை அதிகமாக வளையும். ஸ்கோப்பின் (குறிபார்க்கும் தொலைநோக்கி) மையம் பேரலின் (குழல்) மையத்துக்கு மேல் 4.5 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, எத்தனை கெஜத்திலிருந்து எத்தனை கெஜம் வரை பெல்லட் குறியிலிருந்து ஏறத்தாழ 1 செ.மீ.க்கு மேல் விலகாமல் இருக்கும் என்று கணக்குப் போட்டால் கிடைப்பது இதுதான்:

.177-ஐ 30 கெஜத்தில் ஜீரோ செய்தால் (அந்தத் தூரத்தில் குறியிலேயே படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்தால்) ஏறத்தாழ 12 முதல் 35 கெஜம் வரை.
.22-ஐ 25 கெஜத்தில் ஜீரோ செய்தால் 8 முதல் 28 வரை.
.25-ஐ 20 கெஜத்தில் ஜீரோ செய்தால் 7 முதல் 23 வரை.

அந்த எல்லைக்குள் தூரத்தைக் கொஞ்சம் தவறாகக் கணித்தாலும் தலையில் படும். எல்லைக்கு வெளியே 5 கெஜம் தப்பாகக் கணித்தால் தாடையில் படும். அணிலின், முயலின் தலையில் உயிர்நிலை 2 பென்ஸ் நாணயத்தின் அளவுதான், அதாவது 26 மி.மீ. எலிக்கு இன்னும் சிறிது.

காற்று விஷயத்தில் ".22 கனம், அதனால் காற்று தள்ளாது" என்பார்கள். இந்தச் சக்தியில் அது சரியில்லை. 30 கெஜத்தில் பக்கக்காற்று இரண்டையும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் தள்ளும்.

படி 3: இடத்தைப் பார்த்துத் தேர்வு

திறந்த வயல், முயல், காட்டுப்புறா: .177. தூரம் ஒவ்வொரு முறையும் மாறும், அளந்து பார்க்க நேரம் இருக்காது. தட்டையான பாதைதான் இங்கே உதவும். புறாவை முன்பக்கமாக நெஞ்சில் சுடாதீர்கள். தானியம் நிறைந்த இரைப்பை பெல்லட்டைத் தடுத்துவிடும். தலை, அல்லது பக்கவாட்டில் இறக்கைக்குக் கீழே இதயப் பகுதி.

தீவனப் பெட்டி வைத்துச் சாம்பல் அணில்: .22. பெட்டியை நீங்கள்தான் வைக்கிறீர்கள், தூரம் கெஜக்கணக்கில் தெரியும், 20 அல்லது 25. தூரம் தெரிந்த பிறகு .177-இன் தட்டையான பாதைக்கு அவசியமில்லை; பெரிய பெல்லட் உடலுக்குள்ளேயே சக்தியை இறக்குவது இங்கே லாபம். அணிலின் தோலும் உடலும் உருவத்துக்கு மீறிய உறுதி கொண்டவை. கண்ணுக்கும் காதுக்கும் நடுவே மட்டும் சுடுங்கள். பெட்டிக்குப் பின்னால் மண்மேடோ தடித்த அடிமரமோ இருக்க வேண்டும். கிளை மேல் உள்ள கூட்டைக் குறிவைக்கவே கூடாது. உள்ளே காயம்பட்டுக் கிடப்பதை யாரும் எடுக்க முடியாது.

கொட்டகை எலி: .22 தான் என் தேர்வு. தூரம் 20 கெஜத்தைத் தாண்டாது என்று உறுதியாகத் தெரிந்தால் .25-உம் நன்றாக வேலை செய்யும். .177 வேகமாக ஊடுருவி வெளியே வந்து சிமெண்டுத் தரையிலோ இரும்புத் தூணிலோ பட்டுத் தெறிக்கும் வாய்ப்பு கூடுதல். தெறிப்பு .22-இலும் உண்டு, கண்ணாடி அணியாமல் கொட்டகைக்குள் சுடாதீர்கள். கூரைப்பக்கம் உட்கார்ந்த புறாவைக் குறிவைத்தால், தப்பிய பெல்லட் பிளாஸ்டிக் தகடைத் துளைத்துவிடும், எந்தக் காலிபராக இருந்தாலும்.

ஒரே ஒரு ரைஃபிள்தான் வாங்க முடியும், எல்லா வேலையும் செய்ய வேண்டும் என்றால் .177 வாங்குங்கள்.

.20 பற்றி: நல்ல காலிபர்தான், ஆனால் பெல்லட் வகை குறைவு. தொடக்கத்தில் வேண்டாம்.

படி 4: ஸ்பிரிங்கா, பிசிபியா

பணம் இருந்தால் பிசிபி, அதாவது முன்கூட்டியே அழுத்திய காற்றை நிரப்பிச் சுடும் ரைஃபிள். உதைப்பு கிடையாது, தொடர்ந்து சுடலாம். வைராக் எச்டபிள்யூ100, ஏர் ஆர்ம்ஸ் எஸ்510 இரண்டும் பல வருடம் உழைக்கும். காற்று நிரப்ப டைவிங் சிலிண்டரோ கைப்பம்போ வேண்டும். 200 பார் அழுத்தம் வரை கைப்பம்பில் ஏற்றுவது நல்ல உடற்பயிற்சி, தினமும் செய்ய ஆகாது. சிலிண்டரின் விலையையும் முதலிலேயே கணக்கில் சேருங்கள்.

ஸ்பிரிங் ரைஃபிளில் எச்டபிள்யூ95 நம்பகமானது. அதைப் பிடிக்கும் விதத்தைப் பொறுத்து பெல்லட் விழும் இடம் மாறும். இறுக்கிப் பிடிக்காதீர்கள், ஜன்னல் சட்டத்தின் மேலோ வேலிக் கம்பத்தின் மேலோ நேராக வைக்காதீர்கள். இடையில் உள்ளங்கை இருக்கட்டும், ரைஃபிள் தன் போக்கில் உதைக்கட்டும். ஸ்கோப்பும் ஏர் ரைஃபிளுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். ஸ்பிரிங் முன்னும் பின்னுமாக இருமுறை உதைப்பதால் சாதாரண ஸ்கோப்பின் உள்பாகம் கழன்றுவிடும். பேரலாக்ஸை (கண் நகர்ந்தால் குறி விலகித் தெரிவது) 10 கெஜம் வரை சரிசெய்ய முடிகிற 3-9x40 (3 முதல் 9 மடங்கு, 40 மி.மீ. லென்ஸ்) போதும்.

படி 5: பெல்லட்டும் சக்தி அளவும்

நான்கு வகை பெல்லட் டப்பா வாங்கி, ஒவ்வொன்றிலும் முதல் 20-ஐக் கணக்கில் சேர்க்காமல் சுட்டுவிட்டு, பிறகு ஐந்து ஐந்தாகக் காகிதத்தில் சுட்டு குரூப் (துளைகள் எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்று) பாருங்கள். ஒரே பெயருள்ள பெல்லட்டே 4.51, 4.52 மி.மீ. என்று தலை அளவில் மாறும். உங்கள் பேரலுக்கு எது பிடிக்கிறது என்பதைக் காகிதம்தான் சொல்லும். தலை உருண்டையான பெல்லட்டையே வாங்குங்கள். கூர்முனையும் குழிமுனையும் விளம்பரத்தில்தான் நன்றாக இருக்கின்றன.

குரோனோகிராஃப் (பெல்லட்டின் வேகம் அளக்கும் கருவி) ஒன்று வாங்குங்கள், அல்லது கடையில் சோதித்து வாங்குங்கள். கணக்கு எளிது: வேகத்தை (விநாடிக்கு அடியில்) வேகத்தாலேயே பெருக்கி, பெல்லட் எடையால் (கிரெய்னில்) பெருக்கி, 450240-ஆல் வகுத்தால் அடி-பவுண்டு. ஒரு பெல்லட்டில் 11.8 காட்டும் ரைஃபிள் வேறு பெல்லட்டில் 12-ஐத் தாண்டிவிடலாம். பிசிபியில் பொதுவாகக் கனமான பெல்லட் சக்தியைக் கூட்டும். ஸ்பிரிங்கில் இலகுவானது கூட்டும். தாண்டிய நொடியில் நீங்கள் சான்றிதழில்லாத துப்பாக்கி வைத்திருப்பவர். 11.2 முதல் 11.5 வரை வைத்திருப்பதே நிம்மதி.

படி 6: ஜீரோ, முக்கியமாகக் கிட்டத்தில்

பலர் சறுக்குவது இங்கேதான். 30 கெஜத்தில் அருமையாக ஜீரோ செய்த .177-ஐ எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போகிறார்கள். எலி 5 கெஜத்தில் நிற்கிறது. குறுக்குக்கோட்டை நேராகத் தலையில் வைத்துச் சுட்டால் பெல்லட் சுமார் இரண்டரை செ.மீ. கீழே படும், அதாவது எலிக்கு முன்னால் தரையில். கிட்டத்தில் பெல்லட் மேலே போகும் என்று நினைத்துக் கீழே குறிவைப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு இன்னும் மோசம்.

காரணம் எளிது. ஸ்கோப் பேரலுக்கு மேலே இருக்கிறது. பெல்லட் கீழிருந்து புறப்பட்டு மெல்ல ஏறித்தான் பார்வைக்கோட்டைத் தொடுகிறது. கிட்டத்தில் அது இன்னும் ஏறி முடிக்கவில்லை. .22-ஐ 25 கெஜத்தில் ஜீரோ செய்திருந்தால் அதே 5 கெஜத்தில் இரண்டு செ.மீ. அளவுக்குக் கீழே இருக்கும்.

செய்ய வேண்டியது: 5, 8, 10, 15, 20, 25, 30, 35 கெஜத்தில் தனித்தனிக் காகிதம் வைத்து, ஒவ்வொன்றிலும் ஐந்து முறை மையத்தைக் குறிவைத்துச் சுடுங்கள். எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று அளவுகோலால் அளந்து, சிறு சீட்டில் எழுதி ஸ்கோப் மூடியின் உள்பக்கம் ஒட்டுங்கள். மேலே நான் தந்த எண்கள் கணக்கு. உங்கள் சீட்டில் இருப்பதே உண்மை.

பிறகு கடைசிச் சோதனை. மேஜையில் வைத்து அல்ல, நிஜமாகச் சுடப்போகும் நிலையில், முழங்காலிட்டோ நின்றோ 2 பென்ஸ் அளவு வட்டத்தில் பத்துக்குப் பத்து விழும் தூரம்தான் உங்கள் எல்லை. எலிக்கு 1 பென்னி வட்டம். 18 கெஜம்தான் வருகிறது என்றால் உங்கள் எல்லை 18 கெஜம், ரைஃபிள் எவ்வளவு விலையானாலும்.

பின்னர் சேர்த்தவை

இரவில் எலி சுட நைட்விஷன் மாட்டுபவர்களுக்கு: அது உயரமாக உட்காரும். மைய உயரம் 7 செ.மீ. ஆனால், 30 கெஜ ஜீரோவில் .177 பெல்லட் 5 கெஜத்தில் 5 செ.மீ. அளவுக்குக் கீழே விழும். பழைய சீட்டு செல்லாது, புதிதாக அளந்து எழுதுங்கள். எலிக்காக மட்டும் என்றால் 15 கெஜத்தில் ஜீரோ செய்யுங்கள், 4.5 செ.மீ. உயரத்தில் .22 அப்படிச் செய்தால் 10 முதல் 25 கெஜம் வரை 1 செ.மீ. அளவுக்குள் நிற்கும்.

காலையில் சரியாக இருந்த ஜீரோ மாலையில் மாறினால், முதலில் ஸ்கோப் பிடிப்பின் திருகுகளைப் பாருங்கள். அடுத்து பிசிபியின் அழுத்தம். ரெகுலேட்டர் (அழுத்தத்தைச் சீராக்கும் பாகம்) இல்லாத ரைஃபிளில் அழுத்தம் மிகக் கூடினாலும் குறைந்தாலும் வேகம் இறங்கும், பெல்லட் தாழ்ந்து விழும். எத்தனை பாரிலிருந்து எத்தனை பார் வரை வேகம் சீராக இருக்கிறது என்று குரோனோகிராஃபில் பார்த்து அதையும் சீட்டில் எழுதுங்கள்.

ஈயமில்லாத பெல்லட்டுக்கு மாறினால் ஜீரோவையும் சக்தியையும் மறுபடி சோதிக்க வேண்டும். பெரும்பாலும் எடை குறைவு, வேகம் கூடுதல், தூரத்தில் சக்தி சீக்கிரம் குறையும். எல்லையை 5 கெஜம் சுருக்குங்கள்.

செத்த எலியை வெறும் கையால் தொடாதீர்கள். எலிச் சிறுநீரில் லெப்டோஸ்பைரோசிஸ் கிருமி இருக்கலாம். கையுறை போட்டு எடுங்கள். லாயத்தில் ஏற்கெனவே விஷம் வைத்திருந்தால் ஓர் எலியைக்கூட வெளியே விட்டுவிடாதீர்கள். விஷம் தின்ற எலியைக் கொட்டகை ஆந்தை தின்றால், ஆந்தையும் சாகலாம்.