அஜீரணத்துக்கு இரட்டை எண்டோஸ்கோபி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேல் எண்டோஸ்கோபியையும் (வாய்வழியே குழாய்க் கருவி செலுத்தி இரைப்பையைப் பார்ப்பது) கொலனோஸ்கோபியையும் (ஆசனவாய் வழியே பெருங்குடலைப் பார்ப்பது) ஒரே அமர்வில் செய்வது, தக்க காரணம் இருந்தால், நோயாளிக்கு நன்மையே. வெறும் வயிற்றில் வரச் சொல்வது போன்ற அடிப்படைகளை எல்லோரும் அறிவார்கள். பயிற்சிக் காலத்தில் நாங்கள் செய்த சில பிழைகளைப் புதியவர்களும் அப்படியே செய்வதைப் பார்ப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

“எப்படியும் மயக்கம் கொடுக்கிறோமே”

இரண்டு கவளத்திலேயே வயிறு நிரம்பிவிடுவது, மேல்வயிற்றில் வலி, எரிச்சல் ஆகியவை மட்டுமே தொல்லையாக இருந்தால், அதற்கான விடை பெருங்குடலில் கிடைப்பது அரிது. இருந்தும், மயக்க மருந்து கொடுக்கத்தான் போகிறோம், கீழேயும் பார்த்துவிடலாம் என்று கொலனோஸ்கோபியைச் சேர்த்துவிடுகிறார்கள். இதைக் காணும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. குடலில் துளை விழும் ஆபத்து ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவுதான் என்றாலும், தேவையற்ற பரிசோதனையில் அதற்குக்கூட நியாயம் இல்லை.

அதைவிடப் பெரிய இழப்பு, கவனம் திசைமாறுவது. நாற்பதை எட்டாத ஒருவர் இரண்டு அறிக்கைகளுடன் என்னிடம் வந்தார். பெருங்குடலிலிருந்து 4 மி.மீ. பாலிப் (உட்சுவரில் வளரும் சிறு சதை) ஒன்றை அகற்றி, அதுவே காரணம் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். அவ்வளவு சிறிய பாலிப் அஜீரணத்தை உண்டாக்காது. இரைப்பையைப் பற்றி ‘இயல்பு’ என்ற ஒரே சொல்தான் இருந்தது, பயாப்ஸி (சோதனைக்கான திசுத்துண்டு) எடுக்கப்படவில்லை. அவர் விழுங்கிக்கொண்டிருந்த பேன்டோபிரசோல் என்ற அமிலக் குறைப்பு மாத்திரையை 2 வாரம் நிறுத்தி மூச்சுப் பரிசோதனை செய்ததில் இரைப்பையைத் தாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருப்பது தெரிந்தது. பார்வைக்கு இயல்பாக இருக்கும் இரைப்பையிலும் இக்கிருமி இருக்கக்கூடும் என்பதால்தான், சிட்னி முறை எனப்படும் பயாப்ஸி விதிப்படி ஆன்ட்ரத்தில் (இரைப்பையின் கீழ்ப்பகுதி) 2, இரைப்பையின் உடற்பகுதியில் 2, இவை சந்திக்கும் வளைவில் 1 என 5 திசுத்துண்டுகள் எடுக்கச் சொல்கிறோம்.

இரும்புச்சத்துக் குறைவால் வந்த ரத்தசோகை, மலத்தில் ரத்தம், அண்மையில் மாறிய மலப்பழக்கம், நெருங்கிய உறவினருக்குப் பெருங்குடல் புற்றுநோய் ஆகியவற்றில் ஒன்றேனும் இருந்தால் கொலனோஸ்கோபியைத் தயங்காமல் சேர்க்கலாம்.

மேலே கண்டதோடு நின்றுவிடுவது

முந்தையதற்கு நேர்மாறான தவறு இது. ஆண்களுக்கோ, மாதவிடாய் நின்ற பெண்களுக்கோ இரும்புச்சத்துக் குறைவு இருக்கும்போது, இரைப்பையில் லேசான அழற்சியைக் கண்டதும் காரணம் கிடைத்துவிட்டதாக முடிவுகட்டிப் பெருங்குடலைப் பார்க்காமல் விட்டால், அங்கே வளரும் புற்றுநோய் தப்பிவிடலாம்.

வரிசை

முதலில் மேலே, பிறகு கீழே. இப்படிச் செய்தால் மயக்க மருந்தும் குறைவாகவே தேவைப்படும்.

வயது

அஜீரணம் பற்றி 2017இல் வெளியான அமெரிக்க, கனடிய வழிகாட்டுதல், 60 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு முதலில் எண்டோஸ்கோபியை அல்ல, எண்டோஸ்கோபி இல்லாத பைலோரி பரிசோதனையையே பரிந்துரைக்கிறது. இரைப்பைப் புற்றுநோய் மிகுந்த பகுதிகளில் இந்த வரம்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

அவசரம்

இரண்டையும் சேர்த்துச் செய்யும்போது நேரம் நெருக்கும். ஆனாலும் குடலைக் கவனமாகப் பார்த்தபடி கொலனோஸ்கோப்பை வெளியே எடுக்கும் கட்டத்துக்குக் குறைந்தது 6 நிமிடம் ஒதுக்குங்கள். குடல் சுத்தமாக இல்லையென்றால் ‘இயல்பு’ என்று எழுதாமல், சரியாகப் பார்க்க முடியவில்லை என்றே எழுதுங்கள்.