ரிவர்ட் என்று எழுதாதீர்கள்

கடலூர், புதுச்சேரிப் பக்கமிருந்து இங்கிலாந்துக்கு வேலைக்கு வருகிற தம்பி தங்கைகளுக்கு. இ-விசா, நேஷனல் இன்சூரன்ஸ் எண், ஜி.பி. (குடும்ப மருத்துவர்) பதிவு, வங்கிக் கணக்கு, இதெல்லாம் எப்படியும் நடந்துவிடும், சொல்லித்தர ஆளுண்டு. என்னைக் கவிழ்த்தது ஒரே ஒரு சொல்.

சேர்ந்து இரண்டாம் மாதம். பில் போடும் புரோகிராமில் வரியை இரண்டு தடவை சேர்க்கிற பிழை ஒன்று. வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது வரை உட்கார்ந்து சரிசெய்தேன். "ஐ ஹேவ் கரெக்டட் த எரர். ப்ளீஸ் செக் அண்ட் ரிவர்ட்" என்று மெயில் தட்டிவிட்டுக் கிளம்பினேன். நமக்கு ரிவர்ட் என்றால் பதில் போடுவது. அவர்களுக்குப் பழைய நிலைக்கே திருப்புவது. புரோகிராம் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) என்ற கருவியைப் புழங்குகிறவர்களுக்கோ அது ஒரு கட்டளையே. கூட வேலை பார்த்தவர் நான் கேட்டதை அப்படியே செய்துவிட்டார். திங்கட்கிழமை போனால், பில்லெல்லாம் இரட்டை வரியோடு வாடிக்கையாளர்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. "பதில்தானே கேட்டேன்" என்றேன். மேனேஜர் ஒன்றும் பேசாமல் என் மெயிலை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "லெட் மீ நோ" என்று மூன்று சொல் எழுதியிருந்தால் போதும்.

அப்புறம், "எரர் வருது" என்பதை "எரர் இஸ் கமிங்" என்று எழுதாதீர்கள். ஏதோ பண்ருட்டி பஸ்ஸில் வந்துகொண்டிருப்பது போலிருக்கும். "ஐ ஆம் கெட்டிங் அன் எரர்" என்று தொடங்கி, எதை அழுத்தினீர்கள், என்ன வரவேண்டும், என்ன வந்தது என்று சொல்லுங்கள். தவறு செய்வதற்கு "டன் எ மிஸ்டேக்" இல்லை, "மேட் எ மிஸ்டேக்". சந்தேகம் கேட்க "டவுட்" வேண்டாம், "கொஸ்டின்" போதும். டவுட் என்றால் அவர் சொன்னதையே நம்பவில்லை என்று எடுத்துக்கொள்வார்.

எனக்கு எரிச்சல் ஒன்றுதான். 1690-இல் கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கி எங்கள் கடற்கரையில் குடியேறியவர்கள் இந்த ஆங்கிலேயர்கள். "டூ த நீட்ஃபுல்" (ஆவன செய்க) என்று நாம் எழுதினால் சிரிக்கிறார்கள், அதுவும் இவர்கள் வீட்டுச் சரக்குதான். இவர்கள் மறந்துவிட்டார்கள், நாம் பத்திரமாக வைத்திருக்கிறோம். இப்போது சிரிப்பது யாரைப் பார்த்து?

போன வாரம் மஞ்சக்குப்பத்திலிருந்து சித்தப்பா மெயில் போட்டிருந்தார். ரிட்டையர்டு ஹெட் கிளார்க். வரும்போது ஷேவிங் பிளேடு வாங்கிவரச் சொல்லி, கடைசி வரியில் "கைண்ட்லி டூ த நீட்ஃபுல் அண்ட் ரிவர்ட்". இரண்டு பாக்கெட் வாங்கி வைத்துவிட்டு, அன்றைக்கே ரிவர்ட் செய்தேன்.