அடுப்பு மேடைக்கு பிளாக் கேலக்ஸி: கல்லைப் பார்த்து எடுப்பது எப்படி?

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் கத்தரிக்காய் வாங்கினால்கூட ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பேன். ஆனால் முதல் வீட்டுச் சமையலறை மேடைக்கு, பிளாக் கேலக்ஸி என்ற பொன் பொட்டு வைத்த கறுப்புக் கல்லின் உள்ளங்கை அளவு மாதிரித் துண்டைப் பார்த்துவிட்டு "இதையே போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டேன். மாதிரியில் பொன் பொட்டுகள் மழைபோல் இருந்தன. வந்து இறங்கிய கல்லில் ஒரு பாதி அப்படி, மறு பாதி பள்ளிக்கூடக் கரும்பலகை மாதிரி வெறும் கறுப்பு. ஒட்டுப்போட்ட இடத்தில் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. "இயற்கைக் கல்லு, அப்படித்தான் இருக்கும்" என்றார் காண்டிராக்டர். அவர் சொன்னது சரி என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

இரண்டாவது வீட்டில் செய்தது இது.

1. கல் எங்கிருந்து வருகிறது?

ஆந்திராவின் பிரகாசம் மாவட்டத்தில், ஓங்கோலுக்குப் பக்கத்தில் உள்ள சீமகுர்த்தி. ஓங்கோல் என்றால் நம் வீட்டுப் பெரியவர்களுக்குக் காளைமாடு நினைவுக்கு வரும். கல் வியாபாரிகளுக்கு இந்தக் கல். பிளாக் கேலக்ஸி அந்த வட்டாரத்துச் சரக்கு. வேறு நாட்டுப் பெயரைச் சொல்லி இதே பெயரில் விற்றால் அது வேறு கல்.

எல்லாரும் கிரானைட் என்கிறோம். உண்மையில் காப்ரோ வகைப் பாறை, பூமிக்கடியில் மெதுவாகக் குளிர்ந்து இறுகியது. அந்தப் பொட்டுகளும் தங்கம் இல்லை, பிரான்சைட் என்ற கனிமம். அதற்குள் இருக்கும் மெல்லிய தகடுகளில் வெளிச்சம் பட்டுத் திரும்பும்போது பொன்னாகத் தெரிகிறது. குவாரியில் வைரமணி கோத்த கம்பியை ஓடவிட்டு, தண்ணீர் ஊற்றிக்கொண்டே பாறையைப் பெரிய பாளங்களாக அறுக்கிறார்கள். விரிசல் கண்ட பாளம் கழிவு மேட்டுக்குப் போகும். பொட்டு அடர்த்தி பாறைக்குப் பாறை மாறும். என் முதல் வீட்டுக் கதை அங்கேயே தொடங்கிவிட்டது.

2. அளவும் எடையும்

3 மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம், 20 மில்லிமீட்டர் தடிமன் என்றால் கல் மட்டுமே 100 கிலோவைத் தாண்டும். கீழே இருக்கும் அலமாரி அதைத் தாங்குமா என்று முதலிலேயே கேளுங்கள். மின்தூக்கியின் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். நீளக் கல்லை உள்ளே சாய்த்து நிறுத்த முடியவில்லை என்றால் ஒட்டுப்போட்டுத்தான் ஆகவேண்டும்.

3. கிடங்குக்கு நேரில் போங்கள்

சுங்கை காடுட் பக்கம் கல் கிடங்குகள் இருக்கின்றன. முழுப் பலகையை வெளிச்சத்தில் நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். கைப்பேசி விளக்கைப் போட்டு, பலகைக்கு முன்னால் மெதுவாக நடங்கள். அசல் கல்லில் ஒரு பொட்டு மின்னி அணையும், பக்கத்துப் பொட்டு அப்போதுதான் மின்னும். ஒவ்வொன்றும் தன் கோணத்தில்தான் விழிக்கும். பிறகு வெட்டுமுனையைப் பாருங்கள். பொட்டு கல்லின் தடிமன் முழுக்க இருக்கவேண்டும். மேல்தோலில் மட்டும் என்றால் அது அச்சடித்த பலகை.

அடுத்து, வெள்ளைத் துணியில் நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனை நனைத்து ஒரு மூலையில் அழுத்தித் தேயுங்கள். துணியில் கறுப்பு இறங்கினால் சாயம் ஏற்றிய கல், விட்டுவிடுங்கள். எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டு, கால் மணி நேரம் கழித்துத் துடையுங்கள். மங்கலான வட்டம் தெரிந்தால் அது சுண்ணாம்புச் சத்துள்ள கல். ரசம் வைக்கிற வீட்டுக்கு அது ஆகாது. இதையெல்லாம் கடைக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் செய்யவேண்டும். முகம் சுளித்தால் அடுத்த கிடங்கு.

பிடித்த பலகையில் உங்கள் பெயரைச் சாக்கால் எழுதி, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டு வரும் என்றால் இரண்டு துண்டும் அதே பலகையிலிருந்து வரட்டும்.

4. வெட்டும்போது

அடுப்புக்கும் சிங்க்குக்கும் திறக்கும் ஓட்டையின் மூலைகள் வளைவாக இருக்கவேண்டும். கத்தி வைத்தாற்போல் சதுர மூலை வெட்டினால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். சிங்க்குக்கு முன்னால் மிஞ்சும் ஒல்லிப் பட்டைதான் இருப்பதிலேயே பலவீனமான இடம். அதனால் கல்லைப் படுக்கவைத்துத் தூக்கக்கூடாது, கண்ணாடியைத் தூக்குவதுபோல் நிறுத்தித்தான் தூக்கவேண்டும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் அதிகச் சத்தம் வரும் வேலைக்கு வார நாளில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் அனுமதி. சனி, ஞாயிறு கிடையாது. முடிந்தவரை வெட்டுவதெல்லாம் பட்டறையிலேயே முடியட்டும்.

5. பராமரிப்பு

கறை உள்ளே இறங்காமல் தடுக்கும் 'சீலர்' பூச்சைப் பூசச் சொல்லி வற்புறுத்துவார்கள். முதலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். கல் கறுக்கவில்லை என்றால் அது உறிஞ்சவில்லை, பூச்சு தேவையில்லை. நெருக்கமான கல்லில் பூசினால் மேலேயே தங்கிப் புகைபோல் மங்கிக் கிடக்கும்.

ஒரு குறை சொல்லியாகவேண்டும்: கறுப்புக் கல் எதையும் மறைக்காது. கைரேகை, மாவுத்தூள், தோசை எண்ணெய் எல்லாம் தெரியும். மீந்த துண்டைச் சாமி மேடைக்குப் போட்டேன். விபூதி ஒரு சிட்டிகை சிந்தினாலும் அம்மா கண்டுபிடித்துவிடுகிறார். பாத்திர சோப்பு இரண்டு சொட்டு, ஈரத்துணி, உடனே காய்ந்த துணி. எங்கள் வீட்டில் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அது என் வேலை.