தயிர்ச்சட்டியோட கொழும்புக்கு: தூரப் பயணத்தில பெற்றோல் மிச்சம் பிடிக்கிற முறை

2022ல கியூஆர் கோட் காட்டித்தான் பெற்றோல் அடிச்சம், ஞாபகம் இரிக்கா? காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். மட்டக்களப்பில இரிந்து கொழும்புக்குப் போய் வாறண்டா 600 கிலோமீற்றருக்கு மேல வரும், அப்ப லீற்றருக்கு 30க்கு மேல ஓடினாத்தான் கோட்டாவுக்குள்ள போய் வரலாம், என்ட சின்னக் கார் ஓடினது 16. அந்த நேரத்தில மாமி வெள்ளவத்தையில இரிக்கிற மகளுக்குக் குடுக்கச் சொல்லி நாலு தயிர்ச்சட்டி கட்டித் தந்தா. வெலிக்கந்தைக்குக் கிட்ட மாடு குறுக்க வர நான் பிரேக்கில ஏறி மிரிச்சன், பின் சீட்டில இரிந்த சட்டி ரெண்டு கவுண்டு போச்சி, சீட்டுக்குள்ள தயிர்த் தண்ணி இறங்கி ரெண்டு மாசம் காருக்குள்ள இரிக்க ஏலாத புளிச்ச மணம். அடுத்த தடவ திரும்பவும் சட்டி. பயத்தில மெதுவா எடுத்து, மெதுவா நிப்பாட்டி, தூரத்தில என்ன வருது எண்டு பாத்துப் பாத்து ஓடினன், போய்ச் சேர்ந்து கணக்குப் பாத்தா 18.5 ஓடியிரிக்கு. கார் அதேதான், ஒரு சாமானும் மாத்தேல்ல.

அதுக்குப் பிறகுதான் இதுக்குள்ள இறங்கினன். புதுசா தூரம் ஓடப் போற ஆக்களுக்கு நான் செய்றத அப்படியே சொல்றன்.

முதல் வேலை: எவ்வளவு குடிக்குது எண்டு அளக்குறது

இது செய்யாம மத்ததெல்லாம் செஞ்சி பிரயோசனமில்ல. வெளிக்கிட முதல் நாள் பெற்றோல் செட்டில ஃபுல் ரேங்க் அடிங்க, பம்ப் தானா டக் எண்டு நிண்ட உடன போதும் எண்டு சொல்லுங்க. பம்ப் அடிக்கிற தம்பிமார் காசு ரவுண்டா வரட்டும் எண்டு இன்னும் கொஞ்சம் கொஞ்சமா அடிப்பாங்க, விடாதீங்க, கணக்குப் பிழைக்கும். மறுகா ரிப் மீற்றர சைபருக்குக் கொண்டு வாங்க. போய்ச் சேர்ந்து திரும்ப ஃபுல் அடிக்கக்குள்ளயும் பம்ப் தானா நிக்கிற அளவோட நிப்பாட்டி, ஓடின கிலோமீற்றர அடிச்ச லீற்றரால பிரிச்சாச் சரி. என்ட கணக்கு 318 கிலோமீற்றர், 17.2 லீற்றர், அதுதான் அந்த 18.5. டாஷ்போட்டில காட்டுற நம்பர் கனக்க கார்ல கொஞ்சம் கூட்டித்தான் காட்டும், அத வெச்சி மச்சான்மாரோட பந்தயம் கட்டாதீங்க.

ரயர்

காத்துப் பாக்கிறது வெளிக்கிடுற நாள் காலையில, ரயர் குளிரா இரிக்கக்குள்ள. எவ்வளவு அடிக்கணும் எண்டு டிரைவர் பக்கக் கதவத் திறந்தா தூணில ஸ்டிக்கர் ஒட்டியிரிக்கும், அதில உள்ளத அடிங்க, ரயர் கடைக்காரர் சொல்றது உங்கட காருக்குச் சரியா இரிக்கணும் எண்டில்ல. காத்துக் குறைஞ்சா ரயர் பிதுங்கி ரோட்டில இழுபடும், எஞ்சின் அதுக்கும் சேத்து வேல செய்யும். கூட அடிச்சா இன்னும் மிச்சம் பிடிக்கலாம் எண்டு நினைச்சி கல்லு மாதிரி அடிக்கிற ஆக்களும் இரிக்காங்க, நடுவில தேயும், மழைக்குள்ள பிரேக் பிடிக்காது. ஒரு விசயம், வழியில ஹபரணயில நிண்டு செக் பண்ணினா சூட்டுக்கு மூணு நாலு பிஎஸ்ஐ கூடக் காட்டும், ஐயோ கூடிப்போச்சி எண்டு இறக்கிப் போடாதீங்க.

பாரம்

அரிசி மூட, தேங்கா, மாசிச்சம்பல் எல்லாத்தையும் டிக்கிக்குள்ள வைங்க, சமதரை ரோட்டில அதால பெரிய நட்டமில்ல. கூரைக்கு மேல கரியர் போட்டுக் கட்டினீங்கண்டாத்தான் பிழை, ஏனெண்டா வேகமாப் போகக்குள்ள கார் காத்தோடதான் மல்லுக்கட்டுது. சும்மா கிடக்கிற கரியரா இரிந்தாலும் கழட்டி வைங்க.

கால்: இதுதான் முக்கால்வாசி விசயம்

ஒவ்வொரு தடவ பிரேக் மிரிக்கக்குள்ளயும் நீங்க ஏற்கனவே காசு குடுத்து எடுத்த வேகத்தச் சூடாக்கி வெளிய விடுறீங்க. மறுகா அதே வேகத்துக்கு வரத் திரும்பவும் பெற்றோல். அதால பிரேக்குக்குத் தேவ வராம ஓடுறதுதான் வித்தை, மெதுவா ஓடுறதில்ல.

எப்படி? கண்ண முன்னுக்குப் போற காரின்ட பம்பர்ல வெக்காம அதுக்கும் அங்கால வைங்க. கதுறுவலைக்குள்ள போறீங்க எண்டு வைங்க, 200 மீற்றருக்கு அங்கால பஸ் ஒண்டு ஹோல்டுக்கு ஒதுங்குது, ஆக்கள் குறுக்க கடக்குறாங்க, இப்பவே எக்சிலேற்றர்ல இரிந்து கால எடுங்க. கார் கியர்லயே உருண்டு போகட்டும். நீங்க கிட்டப் போகக்குள்ள பஸ் வெளிக்கிட்டிரிக்கும், நிக்காமலே 30ல கடந்து போயிரலாம். நிண்டு எடுக்கிறதும் 30ல இரிந்து எடுக்கிறதும் ஒண்டில்ல.

இந்த இடத்தில எல்லாரும் கேக்குற கேள்வி, நியூட்ரல்ல போட்டா மிச்சம்தானே எண்டு. என்ட மாமா ஒராள் மஹியங்கன ரோட்டுப் பதினெட்டு வளைவிலயும் நியூட்ரல்லதான் இறங்குவார், கேட்டா "நான் ஓடத் தொடங்கக்குள்ள நீ பிறக்கவேயில்ல மனே" எண்டுவார். அவர்ட காலத்துக் காபரேட்டர் வண்டிக்கு அதில கொஞ்சம் நியாயம் இரிந்திரிக்கலாம். இப்ப வாற இன்ஜெக்டர் எஞ்சின் அப்படியில்ல, கியர்ல இரிக்கக்குள்ள நீங்க கால எடுத்தா சில்லு எஞ்சினச் சுத்தும், இன்ஜெக்டர் பெற்றோல முழுசா வெட்டிரும், செலவு சைபர். நியூட்ரல்ல போட்டா எஞ்சின் அணையாம இரிக்கிறதுக்கெண்டே பெற்றோல் போகும். அதோட இறக்கத்தில எஞ்சின் இழுப்பு இல்லாம முழுப் பாரமும் பிரேக்குக்குத்தான், பிரேக் சூடாகிப் பிடிக்காமப் போனா என்ன செய்ற? ஹைபிரிட்டுக்கு இன்னும் நட்டம், அக்குவா, பிரியஸ் எல்லாம் நியூட்ரல்ல பற்றரிக்கு சார்ஜே ஏத்தாது. கியர D-லயே விட்டுட்டுச் சும்மா இரிங்க.

எடுக்கக்குள்ள? ஆமை மாதிரி எடுக்கத் தேவையில்ல கா. நடுத்தரமா மிரிச்சி, மெனுவல் எண்டா எஞ்சின் கத்த முதல் அடுத்த கியர், கெதியா டொப் கியருக்கு வந்து அங்கயே ஒரே வேகத்தில நில்லுங்க.

வேகம், ஹைவே

புணானையில இரிந்து வெலிக்கந்த வரைக்கும் ரோட் நேரா கிடக்கும், கால் தானா அமருற இடம் அது. அந்த மாதிரி ரோட்டில காருக்குச் சட்டப்படி 70தான், சின்னக் காருக்கு டொப் கியர்ல மிச்சம் பிடிக்கிற வேகமும் கிட்டத்தட்ட அதுதான், பொலிஸ் காசும் மிச்சம். மின்னேரியா ஹபரணப் பக்கம் இருட்டோட போனா இன்னும் குறைங்க, அது பெற்றோலுக்காக இல்ல, ஆனைக்காக.

குருநாகல் டவுனுக்குள்ள மாட்டுப்படாம யக்கபிட்டியவில ஹைவே ஏறினா மீரிகமவில இறங்கலாம், 2022 ஜனவரியில திறந்த துண்டு, 40 கிலோமீற்றர் அளவு. அம்பாறை, பொத்துவில் பக்கத்து ஆக்கள் மொணராகல, வெல்லவாயவால இறங்கி அம்பாந்தோட்டையில சதர்ன் ஹைவே பிடிப்பாங்க, அவங்களுக்கு ஹைவேல ஓடுற வேகம் இன்னும் முக்கியம், ஏனெண்டா அது நீட்டு ஓட்டம். ஹைவேல உச்சம் 100. அதுக்காக 100லதான் ஓடணும் எண்டில்ல. காத்தின்ட எதிர்ப்பு வேகத்தின்ட வர்க்கத்தோட கூடும், 80ல போறதுக்கும் 100ல போறதுக்கும் காத்துத் தள்ளுறது ஒண்டரை மடங்குக்கு மேல. நேரத்தப் பாருங்க, 40 கிலோமீற்றருக்கு 100ல 24 நிமிசம், 80ல 30 நிமிசம். ஆறு நிமிசம்! ஹபரணயில பிளேன்டி குடிக்கக்குள்ள கதைச்சிக்கிட்டு நிண்ட நேரம் அதவிடக் கூட. நான் 85ல இடப்பக்க லேன்ல போவன், முந்திப் போறவன் போகட்டும். குரூஸ் கொன்ட்ரோல் இரிந்தா இங்க போடுங்க, ஏத்த இறக்கமான ரோட்டில அது ஏத்தத்தில தேவையில்லாம மிரிக்கும், அங்க உங்கட கால்தான் நல்லம்.

லொறிக்குப் பின்னால ஒட்டிப் போனா காத்து மறைக்கும், பெற்றோல் மிச்சம் எண்டு ஒரு கதை இரிக்கு. மிச்சம்தான், லொறிக்காரன் பிரேக் அடிக்கிற வரைக்கும். அந்தப் பக்கம் போகாதீங்க.

ஏசி, நிக்கிறது, மத்தது

டவுனுக்குள்ள மெதுவாப் போகக்குள்ள ஏசிய நிப்பாட்டிக் கண்ணாடியத் திறந்தா மிச்சம், ஹைவேல கண்ணாடியத் திறந்தா காத்து உள்ளுக்கு வந்து இழுக்கும், அங்க ஏசிதான் சரி. புள்ளைகள் நித்திரை எண்டு ஏசியப் போட்டபடி நிப்பாட்டி வெச்சா மணித்தியாலத்துக்கு அரை லீற்றருக்கு மேல போகும், நிழல்ல விட்டு எஞ்சின நிப்பாட்டுங்க. ஒக்டேன் 92 பெற்றோல் போதும் எண்டு புத்தகத்தில இரிக்கிற காருக்கு 95 அடிச்சா காசுதான் போகும். பெற்றோல் ரியூப்ல கட்டுற காந்தம், ரேங்குக்குள்ள போடுற குளிசை, ஒண்டும் வாங்காதீங்க.

அந்த 16க்கும் 18.5க்கும் இடையில ஒரு போக்குக்கு 2.7 லீற்றர் வித்தியாசம். போய் வர அஞ்சு லீற்றருக்கு மேல.

தயிர் கொண்டு போறண்டா சட்டிய சீட்டில வெக்காதீங்க. முன் சீட்டுக்குப் பின்னால கால் வெக்கிற இடம் இரிக்கே, அங்க பழைய துவாய சும்மாடு மாதிரிச் சுத்தி வெச்சி அதுக்கு மேல சட்டி, வாயக் கட்டின பேப்பருக்கு மேல இன்னொரு பொலித்தீன், சட்டிக்கும் சட்டிக்கும் இடையில புள்ளைகள்ட தலையணை. ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டா நாலு சட்டி கொள்ளும். மாமிக்கு இத நான் இன்னும் சொல்லேல்ல, சொன்னா ஆறு கட்டுவா.