முதல் எலக்ட்ரிக் கிட்டாரைக் கையால் செய்ய: நடுக்கோட்டை விடாதீர்கள்

எலக்ட்ரிக் கிட்டார் செய்ய ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்த மரம் வாங்கலாம் என்றுதான். மரத்துக்கு அப்புறம் வருவோம். முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒரு கோடு. உச்சியில் கம்பிகளைத் தாங்கும் சின்னக் கட்டையான நட்டின் நடுவில் தொடங்கி, கழுத்தான நெக்கின் நடுவழியாக இறங்கி, கம்பிகளின் மறுமுனையைத் தாங்கும் பிரிட்ஜின் நடுவைத் தொட்டு, உடலான பாடியின் அடிவிளிம்பில் போய் முடிகிற நடுக்கோடு. அந்தக் கோடு நேராக இருந்து, நட்டுக்கும் பிரிட்ஜுக்கும் நடுவில் உள்ள தூரம் சரியாக இருந்து, நெக்கின் குறுக்கே பதிகிற உலோகக் கோடுகளான ஃபிரெட்டுகளும் தத்தம் இடத்தில் உட்கார்ந்துவிட்டால் எந்தப் பலகையிலும் நல்ல கிட்டார் வரும். நெக் வெறும் அரை டிகிரி திரும்பி உட்கார்ந்தால் நட்டுக்கும் பிரிட்ஜுக்கும் நடுவில் உள்ள 648 மி.மீ. நீளத்தில் அது 5 மி.மீ.க்கு மேல் விலகலாகத் தெரியும், ஒரு பக்கத்துக் கம்பி ஃபிரெட்டுகள் பதிகிற பலகையான ஃபிரெட் போர்டை விட்டே நழுவும். அதற்கு மருந்து எந்த விலை உயர்ந்த மரத்திலும் கிடையாது.

குயீன் ராக் குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே 1963இல் தன் அப்பா ஹரால்டுடன் சேர்ந்து வீட்டிலேயே செய்யத் தொடங்கிய கிட்டாரைப் பாருங்கள். நெக்குக்குப் பழைய கணப்படுப்பின் மரச்சட்டம், ஃபிரெட் போர்டில் இடம் காட்டும் பொட்டுகளுக்கு அம்மாவின் தையல் பெட்டியில் இருந்த முத்துச்சிப்பிப் பொத்தான், சுருதியை அசைக்கும் டிரெமலோ நெம்புகோலுக்குப் பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங். நெக் மரத்தில் பூச்சி அரித்த ஓட்டைகள்கூட இருந்தன. ரெட் ஸ்பெஷல் என்று பெயர் பெற்ற அந்தக் கிட்டாரைத்தான் அவர் பல பத்தாண்டுகளாக மேடையில் வாசித்துக்கொண்டிருக்கிறார். பொருள் கிடைத்ததுதான், அளவில் மட்டும் அப்பாவும் பிள்ளையும் சமரசம் செய்துகொள்ளவில்லை.

முதல் கிட்டாருக்கு டெலிகாஸ்டர் வகையை எடுத்துக்கொள்ளுங்கள், வேறு எதையும் யோசிக்க வேண்டாம். லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவில் 1950ஐ ஒட்டி இதைக் கொண்டுவந்தபோது, தொழிற்சாலையில் சுலபமாகச் செய்ய வேண்டும் என்பதற்காகவே தட்டையான பலகை, நான்கு ஸ்க்ரூவில் கழற்றி மாட்டக்கூடிய நெக் என்று வைத்தார். அங்கே சுலபமானது வீட்டு மொட்டைமாடியிலும் சுலபம்தான். வளைந்த மேற்பரப்பு இல்லை, சாய்ந்த நெக் கோணம் இல்லை. லெஸ் பால் வகையில் நெக் பின்னோக்கிச் சாய்ந்து பாடியோடு ஒட்டப்பட்டிருக்கும், அது மூன்றாவது நான்காவது கிட்டாருக்கான வேலை.

மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டிய அளவுகள் சில உண்டு. ஸ்கேல் நீளம் (நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை) 648 மி.மீ., பாடி கனம் 45 மி.மீ., நெக் உட்காரும் குழியின் ஆழம் 16 மி.மீ., அகலம் சுமார் 56 மி.மீ., நெக்கின் அடிக்கட்டை கனம் ஃபிரெட் போர்டோடு சேர்த்து 25 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே. அதாவது நெக்கின் மேற்பரப்பு பாடியை விட 9 மி.மீ. சொச்சம் உயர்ந்து நிற்கும். பிரிட்ஜில் கம்பிகள் உட்காரும் சிறு துண்டுகளான சேடில்கள் அந்த உயரத்துக்கு ஒத்துப்போகும்.

நெக்கை வாங்குவதா, செய்வதா? முதல் தடவை வாங்கிவிடுங்கள். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், கையால் செய்வது என்று சொல்லிவிட்டு நெக்கை வாங்கினால் எப்படி என்பார்கள். ஆனால் கிட்டாரின் பாதி வேலைக்கும் மேல் நெக்கில்தான் இருக்கிறது, அதைக் கற்றுக்கொள்ள ஏற்கெனவே ஒழுங்காக வாசிக்கிற ஒரு பாடி கையில் இருப்பது பெரிய வசதி. பின்னால் நீங்களே செய்த நெக்கை அதே பாடியில் மாட்டிப் பார்க்கலாம். வாங்கும்போது அளவுகோலால் ஒன்றை மட்டும் அளந்துவிடுங்கள்: நட் ஃபிரெட் போர்டைத் தொடுகிற விளிம்பிலிருந்து 12ஆம் ஃபிரெட்டின் நடுவரைக்கும் 324 மி.மீ. இருக்க வேண்டும். இல்லை என்றால் அதன் ஸ்கேல் நீளம் வேறு, கிடைத்த எண்ணை இரண்டால் பெருக்கி அதற்கேற்பத்தான் பிரிட்ஜை வைக்க வேண்டும்.

நெக்கையும் செய்தே தீருவேன் என்கிறவர்களுக்கு: ஃபிரெட் கணக்கு பயப்படுகிற அளவுக்கு இல்லை. மீதி இருக்கும் கம்பி நீளத்தை 17.817ஆல் வகுத்தால் அடுத்த ஃபிரெட்டுக்கான தூரம் வரும். 648ஐ வகுத்தால் 36.37, முதல் ஃபிரெட் அங்கே. 5ஆம் ஃபிரெட் நட்டிலிருந்து 162.55, 7ஆவது 215.51, 12ஆவது சரியாகப் பாதி. கணக்கை அடுத்தடுத்துப் போடலாம், ஆனால் மரத்தில் குறிக்கும்போது ஒவ்வொன்றையும் நட்டிலிருந்தே அளந்து குறியுங்கள். முந்தைய ஃபிரெட்டிலிருந்து அளந்துகொண்டே போனால் ஒவ்வொரு குறியிலும் கால் மி.மீ. பிசகு சேர்ந்து, மேல் ஃபிரெட்டுகளுக்கு வரும்போது சுருதி காதில் உறுத்தும். பென்சில் வேண்டாம், கூர்மையான கத்திமுனையால் கீறுங்கள். ஃபிரெட் போர்டு செவ்வகமாக இருக்கும்போதே மூலைமட்டம் வைத்து ஃபிரெட் பதியும் எல்லாக் காடிகளையும் அறுத்துவிட்டு, அப்புறம்தான் பக்கங்களைச் சரிவாக இழைக்க வேண்டும். சரிவான பலகையில் மூலைமட்டம் எந்தப் பக்கத்தில் சாய்ந்து நிற்கும் என்றே தெரியாது. காடியின் அகலம் ஏறத்தாழ 0.58 மி.மீ., சாதாரண ரம்பம் இதைவிட அகலமாக வெட்டும், ஃபிரெட் நிற்காது. அதனால் ஃபிரெட் ரம்பம் ஒன்றுக்குச் செலவு செய்வதில் தயங்காதீர்கள்.

இனி மரம். நம் ஊரில் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் காலங்காலமாகப் பலா மரம் இருக்கிறது, கிட்டார் பாடிக்கும் அது தாராளமாக வரும், இழைக்க இழைக்க அந்த மஞ்சள் நிறம் அவ்வளவு அழகு. மஹோகனி கிடைத்தால் இன்னும் சுலபம். தேக்கு உறுதியானது, ஆனால் பாடி இரண்டரை கிலோவை எட்டிவிடும், எண்ணெய்ப் பசை உள்ள மரம் என்பதால் ஒட்டுவதற்குச் சற்று முன்னால் ஒட்டும் முகத்தை அசிட்டோன் தொட்ட துணியால் துடைக்க வேண்டும். வேங்கை இன்னும் கனம், தோளில் மாட்டி ஒரு மணி நேரம் நிற்கப் போகிறீர்கள் என்றால் விட்டுவிடுங்கள். ஃபிரெட் போர்டுக்கு உலகம் முழுவதும் தேடுகிற ஈட்டி மரம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்வதுதான். ஆனால் அதை வெட்ட, விற்க, வெளிநாட்டுக்கு அனுப்ப எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு உண்டு, ரசீது தருகிற கடையில் மட்டும் வாங்குங்கள்.

மரவாடியில் கேட்கும்போது 2 இன்ச் கனம், 7 இன்ச் அகலம், ஒன்றரை அடி நீளம், இரண்டு துண்டு என்று கேளுங்கள். பழைய வீடு இடித்த மரம் என்றால் நிலைச்சட்டம், உத்தரம் எல்லாம் பல வருஷம் காய்ந்தது, கிடைத்தால் விடாதீர்கள், ஆணி மட்டும் எங்கே ஒளிந்திருக்கிறது என்று காந்தத்தால் தேடிவிட்டு இழைப்புளியை வையுங்கள். புது மரம் என்றால் காய்ந்ததா என்பதைக் கடைக்காரர் வாயால் கேட்டு நம்ப வேண்டாம். வீட்டில் காற்றோட்டமான இடத்தில் வைத்து வாராவாரம் சமையலறைத் தராசில் எடை போட்டுக் குறித்து வாருங்கள், எடை இறங்குவது நின்றால்தான் மரம் உங்கள் வீட்டுக் காற்றோடு சமாதானம் ஆகியிருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டு துண்டையும் நீளவாக்கில் ஒட்டும்போது அந்த ஒட்டுதான் நடுக்கோடு. இரண்டு விளிம்பையும் இழைத்து, ஒன்றோடொன்று சேர்த்து விளக்குக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் கசியக் கூடாது. வெள்ளை மரப்பசை போதும், கிளாம்ப் போட்டு ஒரு நாள் விடுங்கள். காய்ந்ததும் முன்பக்கம், பின்பக்கம், இரண்டு முனை என்று சுற்றிவர அந்தக் கோட்டைக் கத்தியால் கீறிவிடுங்கள், உப்புத்தாளில் பென்சில் கோடு மறைந்துவிடும்.

பாடி வடிவத்தை நேராக மரத்தில் வெட்டாமல் முதலில் 12 மி.மீ. எம்.டி.எஃப். பலகையில் டெம்ப்ளேட் செய்யுங்கள். அதில் பிழை வந்தால் நஷ்டம் சொற்பம். டெம்ப்ளேட்டிலும் நடுக்கோடு இருக்க வேண்டும், இரண்டு கோட்டையும் பொருத்தி, கெட்டியான இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டி, ஜிக்சாவில் 2 மி.மீ. தள்ளி வெட்டிவிட்டு, பேரிங் வைத்த பிட்டால் ரவுட்டர் (மரத்தைக் குடைகிற மின்கருவி) ஓட்டுங்கள். ஒரு ஓட்டத்துக்கு 3, 4 மி.மீ. ஆழத்துக்கு மேல் போக வேண்டாம். வெளிவிளிம்பில் ரவுட்டரைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில், குழிக்குள் கடிகாரத் திசையில் நகர்த்துங்கள், மாற்றி ஓட்டினால் பிட் மரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடும். கண்ணாடியும் என்95 முகக்கவசமும் கட்டாயம், தேக்கு, ஈட்டித் தூள் நுரையீரலுக்கும் தோலுக்கும் நல்லதல்ல. நெக் குழியை மட்டும் அளவு பார்த்து முடிக்காமல், வாங்கிய நெக்கையே வைத்துப் பார்த்துப் பார்த்து முடியுங்கள். நெக்கை அழுத்தி உட்கார வைத்துப் பாடியைத் தூக்கினால் ஸ்க்ரூ இல்லாமலே கூட வர வேண்டும்.

அடுத்தது இந்த வேலையிலேயே முக்கியமான கட்டம், இதற்கு ஒரு மாலைப்பொழுதை முழுதாக ஒதுக்குங்கள். நெக்கை கிளாம்பில் பிடித்து, பிரிட்ஜை ஸ்க்ரூ போடாமல் பாடியில் வையுங்கள். நட்டின் இரு ஓரக் காடிகளிலும் தையல் நூலைக் கட்டி, பிரிட்ஜின் இரு ஓர சேடில்கள் வழியாக இழுத்துப் பின்னால் டேப் போட்டு ஒட்டுங்கள். இப்போது கடைசி ஃபிரெட்டுக்கு மேலே கண்ணை வைத்துப் பாருங்கள்: இரண்டு நூலுக்கும் ஃபிரெட் போர்டு விளிம்புக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா? இல்லை என்றால் பிரிட்ஜை ஒரு மயிரிழை நகர்த்துங்கள், அது போதாவிட்டால் குழியின் பக்கச் சுவரை உளியால் கொஞ்சம் சுரண்டி நெக்கைத் திருப்புங்கள். அது சரியானதும் நீளம். மெல்லிய ஈ (E) கம்பியின் சேடிலை அதை நகர்த்தும் ஸ்க்ரூவில் நட்டை நோக்கி முன்பக்கமாக, இன்னும் சில மி.மீ. மட்டும் முன்னே போகக்கூடிய இடத்தில் வைத்து, அந்த சேடிலின் முனை நட்டிலிருந்து 648இல் நிற்கும்படி பிரிட்ஜை வையுங்கள். தடித்த கம்பிகளுக்கு இதைவிட 2, 3 மி.மீ. கூடுதல் நீளம் தேவைப்படும், சேடில்கள் பின்னால் போக இடம் இருக்க வேண்டும். மறுபடி நூலைப் பாருங்கள், மறுபடி அளந்து பாருங்கள். அப்புறம்தான் டிரில்.

நெக் ஸ்க்ரூவுக்குப் பாடியில் 4.5 மி.மீ. ஓட்டை, நெக்கில் 3 மி.மீ. ஓட்டை. பாடியில் ஸ்க்ரூ தடையில்லாமல் வழுக்கிப் போக வேண்டும், நெக்கைத்தான் அது பிடித்து இழுக்க வேண்டும். மரையில் கொஞ்சம் மெழுகு தடவினால் மரம் பிளக்காது.

பாலிஷ் விஷயத்தில் அதிகம் சொல்ல மாட்டேன். 120, 180, 240, 320 என்று உப்புத்தாள் ஏறி, எண்ணெய் பாலிஷோ அரக்குப் பாலிஷோ துணியால் மெல்லிய பூச்சாகப் பல முறை போடுங்கள். ஸ்ப்ரே என்றால் மழைக்காலத்தில் வேண்டாம், ஈரக் காற்றில் லாக்கர் வெளுத்துப்போகும்.

எலக்ட்ரிக் வேலை பார்க்க மிரட்டும், உண்மையில் நாலைந்து வயர்தான். ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) 250 கிலோ ஓம் பாட், அதாவது ஒலியையும் டோனையும் கூட்டிக் குறைக்கும் சுழல் குமிழ், இரண்டு, இரட்டைச் சுருள் ஹம்பக்கர் என்றால் 500. டோனுக்கு 0.022 முதல் 0.047 மைக்ரோ ஃபாரட் வரை ஒரு கபாசிட்டர், மூன்று நிலை சுவிட்ச், ஜாக். பாட்டின் முதுகில் சால்டர் ஒட்டாது, முதலில் உப்புத்தாளால் சுரண்டுங்கள். குழிகளுக்குள் செம்புத் தகடு டேப் ஒட்டி அதைக் கிரவுண்டோடு இணையுங்கள். பிரிட்ஜின் அடியிலிருந்து ஒரு வயர் கிரவுண்டுக்கு வந்தே ஆக வேண்டும்: மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பிரிட்ஜிலும் மறுமுனையை ஜாக்கின் வெளிவளையத்திலும் வைத்தால் பீப் அடிக்க வேண்டும். கம்பி மாட்டுவதற்கு முன்பே ஆம்பில் சொருகி, பிக்கப்பின் காந்தத் தலைகளைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பாருங்கள், டப் டப் என்று கேட்டால் வயரிங் உயிரோடு இருக்கிறது. ஆம்பின் பிளக் எர்த் உள்ள மூன்று முனை சாக்கெட்டில் இருக்கட்டும்.

இனி கம்பி. 10-46 செட் (மெல்லியது 0.010, தடித்தது 0.046 இன்ச்) மாட்டிச் சுருதி சேர்த்தால் நெக்கை ஏறத்தாழ 45 கிலோ இழுக்கும். முதல் ஃபிரெட்டையும் கடைசி ஃபிரெட்டையும் சேர்த்து அழுத்தி, 7ஆம் ஃபிரெட்டில் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே பாருங்கள், கால் மி.மீ. வெளிச்சம் தெரிய வேண்டும். அதிகம் என்றால் நெக்குக்குள் ஓடும் உலோகத் தண்டான டிரஸ் ராடைக் கால் சுற்று இறுக்குங்கள், ஒட்டிக்கொண்டிருந்தால் தளர்த்துங்கள். 12ஆம் ஃபிரெட்டில் மெல்லிய ஈ 1.6, தடித்த ஈ 2 மி.மீ. உயரம். கடைசியாக ஒவ்வொரு கம்பியிலும் 12ஆம் ஃபிரெட்டில் அழுத்தின சுருதியையும் அதே இடத்தில் லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தினது ஏறியிருந்தால் சேடிலைப் பின்னால் தள்ளுங்கள், இறங்கியிருந்தால் முன்னால்.

புது நெக் இந்த இழுவைக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும். அதுவரை கம்பியைத் தளர்த்தாமல் தினமும் வாசியுங்கள், அப்புறம் 7ஆம் ஃபிரெட் வெளிச்சத்தை இன்னொரு முறை பார்த்து, தேவைப்பட்டால் டிரஸ் ராடைத் தொட்டு, சேடில்களையும் மறுபடி ஒருமுறை சரிபாருங்கள்.