ஈரானில் பிரிட்டிஷ்காரர்கள்: எண்ணெயிலிருந்து கதையைத் தொடங்காதீர்கள்

ஈரான் மீது பிரிட்டனுக்கு ஏன் அவ்வளவு கண் என்று எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் நேராக எண்ணெய்க்குப் போய்விடுகிறார்கள். தென்மேற்கு ஈரானிலுள்ள மஸ்ஜிதே சுலைமானில் எண்ணெய் பீறிட்டது 1908 மே மாதம். கிழக்கிந்தியக் கம்பெனியின் தூதர் ஜான் மால்கம் ஈரான் மன்னரான ஷாவோடு ஒப்பந்தம் போட்டதோ 1801-ல். நடுவில் நூறு வருஷம் அங்கே என்ன வேலை? இந்தியாதான். முதலில் ஆப்கான் மன்னர் ஜமான் ஷா, அப்புறம் நெப்போலியன், அப்புறம் ரஷ்யா என்று அந்தப் பக்கமாக யாராவது இந்தியாவுக்குள் வந்துவிடுவார்களோ என்ற பயம். மால்கமே பதின்மூன்று வயதில் மதராஸில் வந்திறங்கி, கம்பெனிப் படையில் வளர்ந்தவர்.

நம்பிக்கை வராவிட்டால் 1907 வரைபடத்தைப் பாருங்கள். ரஷ்யாவோடு ஈரானைச் செல்வாக்கு மண்டலங்களாகப் பங்கு போட்டபோது பிரிட்டன் கேட்டு வாங்கியது பலுசிஸ்தானை ஒட்டிய தென்கிழக்கு மூலை. மறுவருஷம் எண்ணெய் கிடைத்த இடம் அதற்குள் வரவே இல்லை. 1914-ல் பிரிட்டிஷ் அரசே எண்ணெய்க் கம்பெனியில் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. அதற்குப் பிந்திய காலத்துக்கு எண்ணெயைப் பற்றித் தாராளமாக எழுதலாம்.

‘பிரிட்டன் திட்டமிட்டது’ என்று ஒரே மூளை இருந்ததுபோல எழுதுவது இன்னொரு தவறு. எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவதும் இதுதான். 1808-ல் லண்டன் அனுப்பிய தூதர் ஹார்ஃபோர்ட் ஜோன்ஸ் பம்பாயில் காத்திருக்கிறார். அதே வேலைக்குக் கல்கத்தாவிலிருந்து கவர்னர் ஜெனரல் மின்டோ மால்கமை அனுப்புகிறார். தெஹ்ரானில் அப்போது பிரெஞ்சுத் தூதுக்குழு செல்வாக்கோடு இருந்தது. ஈரானின் புஷெர் துறைமுகத்தில் இறங்கிய மால்கமிடம், தலைநகருக்கு வர வேண்டாம், ஷிராஸிலிருக்கும் இளவரசரிடம் பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கோபித்துக்கொண்டு கப்பலேறியவர், பாரசீக வளைகுடாவிலிருக்கும் கார்க் தீவைப் பிடித்துவிடலாம் என்று கல்கத்தாவில் யோசனை சொன்னார். ஜோன்ஸோ தெஹ்ரான் போய், 1809 மார்ச்சில் ஒப்பந்தத்தையே முடித்துவிட்டார். மின்டோ விடுவாரா? 1810-ல் மறுபடி மால்கமை அனுப்பினார். ஒரே நாட்டுக்கு இரண்டு தூதர்கள், ஒருவர் பிரிட்டிஷ் ராஜாவின் ஆள், ஒருவர் கம்பெனியின் ஆள்!

ஈரானைக் காலனி என்றும் எழுதிவிடாதீர்கள். அது எந்தக் காலத்திலும் பிரிட்டிஷ் காலனி அல்ல. அதற்காக வாய் திறக்காத பொம்மையாகவும் காட்ட வேண்டாம். 1890-ல் புகையிலை வியாபாரம் மொத்தத்தையும் ஷா ஒரு ஆங்கிலேயருக்குத் தூக்கிக் கொடுத்தார். மறுவருஷக் கடைசியில் ஷியா மதத்தலைவர் மிர்ஸா ஷிராஸியின் பெயரில், புகையிலையைத் தொடக்கூடாது என்று ஃபத்வா (மதத் தீர்ப்பு) வந்ததும் ஊரே ஹூக்காவை வைத்துவிட்டது; ஷாவின் அந்தப்புரத்திலும் யாரும் தொடவில்லை என்பார்கள். 1892 ஜனவரியில் உரிமை ரத்தானது. நஷ்ட ஈடு 5 லட்சம் பவுண்டு. ஷா அதைக் கடன் வாங்கியது பிரிட்டிஷ்காரர்கள் நடத்திய இம்பீரியல் வங்கியில்.