வேலூர்ப் பக்கம் மலிவான கொல்லை வாங்கிக் குடியேற நினைப்பவர்களுக்கு

வட ஆற்காட்டில் நிலத்துக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஏரியையோ கிணற்றையோ நம்பி நெல் விளைவது கழனி. மழையை நம்பிக் கடலையும் கேழ்வரகும் கொள்ளும் விதைப்பது கொல்லை. அணைக்கட்டு, ஒடுகத்தூர், குடியாத்தம், பேரணாம்பட்டு வட்டாரங்களில் மலையடிவாரமாகப் பார்த்து மலிவு விலையில் தரகர் காட்டும் நிலம் ஏறக்குறைய எப்போதும் கொல்லையாகத்தான் இருக்கும். பக்கத்துக் கழனியின் விலையில் பாதிக்கும் கீழே ஒரு நிலம் கிடைக்கிறது என்றால் அதற்குக் காரணம் இல்லாமல் இருக்காது. விலை பேசுவதற்கு முன்பே அந்தக் காரணத்தைக் கண்டுபிடிப்பதுதான் வாங்குபவரின் வேலை.

நிலம் காட்டுவதற்குத் தரகர்கள் விரும்பும் மாதங்கள் நவம்பரும் டிசம்பரும். அப்போது ஏரி தளும்பும், பாறை இடுக்கிலெல்லாம் பசுமை தெரியும். நீங்கள் சித்திரை வைகாசியில், கத்திரி வெயிலில், பிற்பகல் 2 மணிக்குப் போய்ப் பாருங்கள். நான் இரண்டு ஏக்கர் வாங்குவதற்கு முன் அப்படித்தான் போனேன். பக்கத்துக் கொல்லைக் கிணற்றில் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கிப் பார்த்தபோது, மேலே இழுத்த கயிற்றில் நனைந்திருந்த பகுதி என் முழங்கை அளவுகூட இல்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, நான் கேட்காமலே சொன்னார்: "மோட்டாரு அரை மணி நேரம் ஓடும் சார், அப்புறம் காத்துதான் வரும்." தரகரிடமிருந்து மூன்று மாதங்களில் கிடைக்காத செய்தி அந்த ஒரு வரியில் கிடைத்தது. அந்த நிலத்தை விட்டுவிட்டு, அதே ஊரில் ஏரிக்குக் கீழ்ப்புறமாக இருந்த, சற்றே விலை கூடிய கொல்லையை வாங்கினேன்.

இந்த வட்டாரத்தின் அடித்தளம் கடினப் பாறை. நீர், பாறைக்கு மேலுள்ள சிதைந்த அடுக்கிலும் பாறையின் வெடிப்புகளிலும் மட்டுமே தங்குகிறது என்பதால், பக்கத்துக் கொல்லையில் போர் (ஆழ்துளைக் கிணறு) நன்றாக ஓடுகிறது என்பது உங்கள் கொல்லைக்கு எந்த உத்தரவாதமும் ஆகாது. ஐம்பது அடி தள்ளிப் போட்ட போரில் வெறும் புகை மட்டும் வந்த கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவரை அழைப்பது உங்கள் விருப்பம், ஆனால் மண்ணுக்குள் மின்சாரம் செலுத்தி மின்தடையை அளக்கும் ஆய்வையும் செய்துவிடுங்கள். போர் போடுவதற்கு ஊராட்சியின் அனுமதி தேவை என்பதையும் மறக்க வேண்டாம்.

நீர் கிடைத்தாலும் அதன் தரம் வேறு கேள்வி. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு ஆகிய தோல் தொழில் ஊர்களின் அருகே பாலாற்றுப் படுகை பல பத்தாண்டுகளாகக் கழிவுநீரால் கெட்டுக் கிடக்கிறது. உச்ச நீதிமன்றம் 1996-இல் இதைப் பற்றித் தீர்ப்பளித்தது, 2025 ஜனவரியில் மறுபடியும் அளித்தது. ஆகையால் அந்தப் பக்கங்களில் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கிணற்று நீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீர் இல்லாதபோது 2000 வரை தரநிர்ணயம் இடம் கொடுக்கிறது. குரோமியத்துக்கு வரம்பு 0.05 மில்லிகிராம். இந்த உச்ச வரம்புகளைத் தாண்டிய நீர் உள்ள நிலம் எவ்வளவு மலிவானாலும் குடியிருக்கத் தகுந்ததல்ல.

அடுத்தது வழி. இதில் நான் ஏமாந்தேன், ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். நிலத்தைப் பார்க்கப் போகும்போது டிராக்டர் தடம் தெளிவாக இருந்தது. எல்லோரும் அதில்தான் போய்வந்தார்கள். அது மாமூல் பாதை, அதாவது வழக்கமாக எல்லோரும் போய்வரும் வழி என்று விற்றவர் சொன்னதை நம்பினேன். கிரயம் முடிந்த மறு ஆடியில், கடலை விதைத்த முன்கொல்லைக்காரர் தடத்தையும் சேர்த்து உழுதுவிட்டார். அவர் மீது குற்றம் சொல்ல முடியாது. பட்டாப்படி அது அவர் நிலம்தான். கடைசியில் நான்கு சென்ட் அளவுக்கு ஒரு நீண்ட துண்டை அவரிடமே, கொல்லைக்குக் கொடுத்ததைப்போல மூன்று பங்கு விலையில் வாங்கி, வழி போட்டுக்கொண்டேன். புலப்பட (நில அளவை வரைபட) நகலை முதலிலேயே கையில் வைத்துக்கொண்டு, பொதுப்பாதை எந்தப் புல எண்ணில் (சர்வே எண்ணில்) தொடங்கி எங்கே முடிகிறது என்று விரல் வைத்துப் பார்த்திருந்தால் இது நேர்ந்திருக்காது. வழி பட்டா நிலத்தின் வழியாகத்தான் வருகிறது என்றால், பாதை உரிமையை எல்லைகளோடும் அகலத்தோடும் பதிவு செய்த ஆவணம் இருக்க வேண்டும். வாய்ச்சொல் விற்றவரோடு போய்விடும்.

பத்திரங்களைப் பொறுத்தவரை, மூலப்பத்திரத்திலிருந்து இன்றுவரை வரும் தொடர், 30 ஆண்டுகளுக்குக் குறையாத வில்லங்கச் சான்று, பட்டா, அ-பதிவேட்டு (ஒவ்வொரு புல எண்ணின் வகையையும் உரிமையாளரையும் குறிக்கும் கிராமப் பதிவேட்டு) நகல், அடங்கல் (பயிர் விவரம் குறிக்கும் கிராமக் கணக்கு) ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் படிக்கும் வழக்கறிஞருக்குக் கொடுக்கும் கட்டணத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். இவற்றுள் அ-பதிவேட்டைத்தான் பலர் அலட்சியம் செய்கிறார்கள். அரசு தரிசா, அனாதீனமா (உரியவர் இல்லாமல் அரசு வசம் இருப்பதா), கோயில் நிலமா, பூமிதான இயக்கத்தில் தானமாக வந்த நிலமா, அரசு நிபந்தனையோடு ஒப்படைத்ததா என்பதற்கான முதல் தடயம் அதில்தான் கிடைக்கும். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் இந்த மாவட்டத்திலும் உண்டு. அந்தச் சமூகங்களுக்கு வெளியே இருப்பவருக்கு அவற்றை விற்பது செல்லாது. அப்படி ஒரு நிலம் மலிவாக வந்தால், சட்டத்துக்காக மட்டுமல்ல, நியாயத்துக்காகவும் விலகி நில்லுங்கள்.

பூர்விக நிலமானால் வாரிசுகள் அனைவரின் கையெழுத்தும் வேண்டும். தமிழ்நாட்டில் 1989-லேயே இந்துக் குடும்பப் பெண்களுக்குப் பூர்விகச் சொத்தில் பிறப்புரிமை வந்துவிட்டது. அதன் பிறகும் மகன்கள் மட்டும் பாகப்பிரிவினை செய்துகொண்ட நிலங்கள் ஊரெங்கும் இருக்கின்றன. கூட்டுப் பட்டாவில் ஒருவர் பங்கை வாங்குவதானால், உட்பிரிவு செய்து தனிப்பட்டா பெற்ற பிறகே கிரயம் செய்வது நல்லது. கல் நட்டுப் பிரித்து, ‘பண்ணை மனை’ என்று பெயர் வைத்து விற்கும் துண்டுகளை மனைப்பிரிவு ஒப்புதல் இல்லாமல் தொடவே வேண்டாம். வளைகுடாவில் வேலை செய்யும் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு செய்தி: வெளிநாடு வாழ் இந்தியர் வேளாண் நிலத்தை விலைக்கு வாங்க அன்னியச் செலாவணிச் சட்டம் அனுமதிப்பதில்லை. உள்நாட்டில் வசிப்பவருக்குத் தமிழ்நாட்டில் உழவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. செலவில் முத்திரைத் தீர்வை 7 விழுக்காட்டையும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காட்டையும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். கிரயத்துக்கு முன் சர்வேயரை வைத்து அளந்து, நான்கு மூலைக் கற்களையும் பக்கத்துக்காரர்கள் முன்னிலையில் பார்த்துவிடுங்கள். ஏக்கருக்கு 100 சென்ட் என்ற கணக்கில் ஐந்து சென்ட் குறைவது இங்கே அதிசயமல்ல.

குடியேறுவதை ஓர் ஆண்டு தள்ளிப்போடுவது என் யோசனை. முதல் ஆண்டில் வேலிகாத்தானை (சீமைக் கருவேலத்தை) வேரோடு எடுத்து, மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, சரிவின் கீழ்மூலையில் பண்ணைக்குட்டை வெட்டுங்கள். ஆற்றை ஒட்டிய நிலமானால் 2021 நவம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று ஊராரைக் கேட்டு, அதற்கு மேலே வீட்டுக்கு இடம் பாருங்கள். விரிஞ்சிபுரத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகினால் உங்கள் மண்ணுக்கு ஏற்ற பயிர் பற்றி ஆலோசனை கிடைக்கும். மா, புளி, சீத்தா ஆகியவை சரளைச் செம்மண்ணிலும் பிழைக்கும், ஆனால் மாங்கன்றுக்கு முதல் மூன்று கோடையும் குடத்தில் நீர் ஊற்ற வேண்டியிருக்கும். இரண்டு ஏக்கர் கொல்லை ஒரு குடும்பத்துக்குச் சோறு போடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாதச் செலவுக்கு வேறு வருமானம் இருப்பவருக்கே இந்த வாழ்க்கை ஒத்துவரும்.

வீட்டுக்குத் தகரக் கூரை போட்டால் மே மாதத்தில் உள்ளே உட்கார முடியாது. கிழக்கு மேற்காக நீண்ட வீடு, மேற்குச் சுவரில் சன்னல் இல்லாமை, தெற்கே ஒரு திண்ணை, மேலே ஓடு அல்லது வெள்ளையடித்த தளம் என்று கட்டுங்கள். கூரை நீரை வீணாக்காதீர்கள்: 100 சதுர மீட்டர் கூரையில் ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 90,000 லிட்டர். அதில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டியில் பிடித்தாலும் ஒரு சிறு குடும்பத்தின் குடிநீரும் சமையலும் கோடை முழுவதும் ஓடிவிடும்.

குடியாத்தம், பேரணாம்பட்டு எல்லையில் ஆந்திரத்தின் கௌண்டின்யா சரணாலயத்திலிருந்து யானைகள் இறங்குவது உண்டு. காட்டுப்பன்றி எங்கும் வரும். மின்கம்பியிலிருந்து வேலிக்கு நேரடியாக மின்சாரம் இழுப்பவரை முன்மாதிரியாகக் கொள்ளாதீர்கள். அது குற்றம், மனித உயிரையும் வாங்குகிறது. பாம்பு பற்றியும் ஒரு வார்த்தை. கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரைத்தான் அதிகம் கடிக்கிறது, கடித்த இடம் பெரும்பாலும் வலிப்பதும் இல்லை. கட்டிலில் கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிப் படுங்கள், இரவில் டார்ச் இல்லாமல் வாசற்படியைத் தாண்டாதீர்கள், விறகுக் குவியலை வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம்; விஷமுறிவு மருந்து உள்ள அருகிலுள்ள அரசு மருத்துவமனை எது, இரவு 11 மணிக்கு அங்கே போக யாருடைய வண்டி கிடைக்கும் என்பதைக் குடியேறும் முதல் வாரத்திலேயே விசாரித்து, அந்த வண்டிக்காரரின் எண்ணைச் சுவரில் எழுதி வைத்துவிடுங்கள்.